மறைவில் இருக்கும் மெருகு

இம்மாதச் சிந்தனை

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது, நெடுநாளைய நண்பர் ஒருவர் என் கையைப் பற்றிக் கொண்டார். “ஆர்.எஸ்.புரம் வரை வர முடியுமா? ஒரு பொருளைப் பார்க்க வேண்டும். தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது” என்றார். கணபதிப் பக்கம் சிறியதொரு லேத் பட்டறை வைத்திருப்பவர் அவர். நாற்பது ஆண்டுகளாகப் பம்புகளுக்கான தண்டுகளைக் கடைந்து வருபவர். கடைத்தெருவுக்குப் போகக் கூச்சப்படும் மனிதரல்லர்.

வழியில் செய்தியைச் சொன்னார். மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை படித்தவர், நல்ல உத்தியோகம். “எங்களுக்குக் கைக்கூலி எதுவும் வேண்டாம்” என்று பையன் வீட்டார் சபையில் பலர் கேட்கச் சொன்னார்களாம். அதைக் கேட்டு இவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியிருக்கிறார். இரண்டு நாள் கழித்துப் பெண்களின் பேச்சினூடே ஒரு சொல் வந்தது. “மாப்பிள்ளைக்குக் கையில் கட்ட ஒரு வாட்ச் மட்டும் நல்லதாகப் பார்த்துப் போட்டு விடுங்கள். அவன் ரொம்ப ஆசைப்படுகிறான்.” எந்த வாட்ச் என்பதை ஒரு தாளில் எழுதியும் கொடுத்து விட்டார்கள்.

ரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத் தாங்கிய ஆர்.எஸ்.புரத்தின் திவான் பகதூர் சாலையில் இன்று துணிக்கடைகளும் நகைக்கடைகளும் கடிகாரக் கடைகளும் கண்ணைப் பறிக்கும் விளக்கொளியில் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றினுள் நுழைந்தோம். தாளில் எழுதியிருந்ததைக் காட்டியதும், கடைப் பையன் கையுறை அணிந்து, ஒரு தட்டில் மெத்தை விரித்து, அதன்மேல் அந்தக் கடிகாரத்தை வைத்தான். எஃகு உறை, கருநீல முகப்பு, ஓசையின்றி வழுக்கிச் செல்லும் வினாடி முள். தானே சாவி ஏறிக் கொள்ளும் ‘ஆட்டோமேட்டிக்’ வகை. விலை நான்கரை லட்சம் ரூபாய்.

நண்பர் விலையைக் கேட்டுத் திடுக்கிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கடிகாரத்தைத் திருப்பி, கண்ணாடி பொருத்திய அதன் முதுகுப் புறத்தைப் பார்த்தார். பிறகு கடைக்காரரிடம் உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கிக் கண்ணில் வைத்துக் கொண்டார். ஐந்து நிமிடம் பேச்சே இல்லை. இறுதியில் தலை நிமிர்ந்து, “சுப்ஹானல்லாஹ்! எவன் கடைந்தானோ, அவன் கை நன்றாயிருக்கட்டும்” என்றார். மகள் வீட்டுச் சுமையை ஒரு கணம் மறந்து, தொழிலாளி ஒருவர் இன்னொரு தொழிலாளிக்குச் சொன்ன வாழ்த்து அது. அந்த வாழ்த்தே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

கை அசைந்தால் கடிகாரம் ஓடும்

அந்தக் காலத்தில் நம் அத்தாமார்கள் சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார்கள். சாவி கொடுக்கும்போது உள்ளேயுள்ள மெல்லிய எஃகுச் சுருள் இறுகும். அது மெல்ல மெல்ல விரிய முயல்வதே கடிகாரத்தின் உயிர். ஆனால் சுருளை அதன் போக்கில் விட்டால் ஒரே மூச்சில் விரிந்து ஓய்ந்து விடும். எனவே அதன் வேகத்தைத் துளித்துளியாக அளந்து விடுவதற்கு ஒரு காவலாளி தேவை. இங்குமங்கும் ஊசலாடும் பேலன்ஸ் சக்கரமும், அதை ஒவ்வொரு முறையும் மீட்டிழுக்கும் மயிரிழை போன்ற ஹேர் ஸ்பிரிங்கும், பல் சக்கரத்தைத் தடுத்துத் தடுத்து விடும் சிறு நெம்புகோலும் சேர்ந்து அந்தக் காவலைச் செய்கின்றன. நாம் காதில் வைத்துக் கேட்கும் ‘டிக் டிக்’ ஓசை அந்த நெம்புகோலின் தட்டலேயாகும்.

இன்றைய உயர்ந்த கடிகாரங்கள் பலவற்றில் இத்தட்டல் மணிக்கு 28,800 முறை நிகழ்கிறது. அதாவது வினாடிக்கு எட்டு முறை. ஒரு நாளைக்கு 6,91,200 முறை. ஓர் ஆண்டுக்கு இருபத்தைந்து கோடிக்கும் மேல். எண்ணெய் இட்ட சிறு அச்சுகள் இத்தனை முறை உராய்ந்தும் தேயாமல் இருக்க வேண்டும். அதற்காகத்தான் ‘17 கல்’, ‘21 கல்’ என்று முகப்பில் எழுதுகிறார்கள். அவை நகைக்குப் பதிக்கும் கற்கள் அல்ல. அச்சுகள் சுழலும் குழிகளாக அமைந்த செயற்கை மாணிக்கங்கள். பிரான்ஸ் நாட்டு வேதியியலார் வெர்னூய் 1902இல் மாணிக்கத்தை உலைச் சுடரில் உருவாக்கும் முறையை வெளியிட்ட பிறகு, எளியவரின் கடிகாரத்துக்கும் மாணிக்கம் கிடைத்தது. கீறல் விழாத ‘சஃபயர்’ கண்ணாடியும் இதே அலுமினிய ஆக்சைடு வகைதான்.

ஆட்டோமேட்டிக் கடிகாரத்தில் இவற்றோடு இன்னுமோர் உறுப்பு உண்டு. அரைவட்ட வடிவமான கனத்த தகடு ஒன்று நடு அச்சில் தொங்கிச் சுழல்கிறது. நாம் கையை வீசி நடக்கும்போதும், தக்பீர் கட்டும்போதும், ருகூவுக்குக் குனியும்போதும் அது சுழன்று சுருளை இறுக்குகிறது. முழுமையாக இறுகிய சுருள், கையிலிருந்து கழற்றி வைத்தாலும் ஏறத்தாழ நாற்பது மணி நேரமோ அதற்கு மேலோ ஓடும். மின்கலம் இல்லை, சாவியும் இல்லை. உழைக்கும் கைக்குத்தான் அது ஓடும். சும்மா கிடக்கும் கைக்கு நின்று போகும்.

இந்த யோசனை பழையது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சட்டைப்பையில் வைக்கும் கடிகாரத்துக்கு இவ்வமைப்பைக் கண்டவர் என்று ஸ்விட்சர்லாந்தின் ஆபிரகாம் லூயி பெர்லே பெரிதும் போற்றப்படுகிறார். ஆனால் சட்டைப்பையில் கடிகாரம் அதிகம் அசைவதில்லை. மணிக்கட்டுக்கு வந்த பிறகே அந்த யோசனை பயன்பட்டது. ஜான் ஹார்வுட் என்ற ஆங்கிலேயர் 1924இல் காப்புரிமை பெற்ற கைக்கடிகாரத்தில், எடைத் தகடு ஒரு குறிப்பிட்ட அளவே ஊசலாடி இருபுறமும் வில்களில் முட்டித் திரும்பியது. 1931இல் ரோலக்ஸ் நிறுவனம் தகட்டை முழு வட்டமாகச் சுழல விட்டது. 1948இல் எடர்னா நிறுவனம் ஐந்து சின்னஞ்சிறு உருளைக் குண்டுகளின் மேல் அதைச் சுழல வைத்தது. அது பம்புக்குப் பேரிங் போடும் நம் கோவைப் பட்டறைக்காரருக்கு உடனே விளங்கும் யோசனை.

கண்ணுக்குத் தெரியாத வேலை

நண்பர் உருப்பெருக்கியில் கண்டது இந்த இயக்கத்தை மட்டுமன்று. உயர்ந்த கடிகாரங்களில், பாகங்களைத் தாங்கும் தகடுகளின்மேல் அலையலையாய்க் கோடுகள் இழைக்கப்பட்டிருக்கும். அவற்றின் விளிம்புகள் சாய்வாகச் சீவப்பட்டுக் கண்ணாடி போல் மின்னும். மிகச் சிறந்த பட்டறைகளில் இவ்விளிம்பை இன்றும் மனிதக் கையே மெருகேற்றுகிறது. ஜென்ஷியன் என்னும் மலைச்செடியின் தண்டை முனை சீவி, அதில் மெருகுப் பசை தடவி, ஒரு விளிம்புக்கு மணிக்கணக்கில் தேய்ப்பவர்கள் உண்டு. திருகாணிகளை ஏறத்தாழ முந்நூறு பாகை வெப்பத்தில் வாட்டினால் எஃகு நீல நிறம் கொள்ளும்; ஒரு கணம் தாமதித்தால் அந்த நிறம் கெட்டுப் போகும். எனாமல் முகப்பை எண்ணூறு பாகை அளவிலான உலையில் பலமுறை சுட்டெடுக்கிறார்கள். ஒரு குமிழ் வந்தாலும் அது கழிவு.

இவற்றுள் வியப்புக்குரியது ஒன்றுண்டு. பாகங்களின் அடிப்பக்கத்திலும், மூடி வைத்த பிறகு எவர் கண்ணிலும் படாத தகட்டின் உட்புறத்திலும் சிறு சிறு வட்டங்களாக மெருகு இட்டிருப்பார்கள். என்றோ ஒரு நாள் பழுது பார்ப்பதற்காகத் திறக்கும் மற்றொரு தொழிலாளியின் கண்ணுக்கு மட்டுமே அது தெரியும். “இதை ஏன் செய்தான்? யார் பார்க்கப் போகிறார்கள்?” என்று கடைப் பையனை நான் கேட்டேன். விடை சொன்னவர் நண்பர்: “செய்தவனுக்குத் தெரியுமல்லவா!”

நம் மார்க்கத்தில் ‘இஹ்ஸான்’ என்றொரு சொல் உண்டு. செய்வதை அழகுறச் செய்தல், அல்லாஹ் காண்கின்றான் என்ற உணர்வோடு செய்தல் என்று அறிஞர்கள் அதற்கு விளக்கம் கூறுவர். மனிதர் பார்க்காத இடத்திலும் மெருகேற்றும் அந்தத் தொழிலாளியின் கை நமக்கு இஹ்ஸானை நினைவூட்டுகிறது. அதே கடிகாரத்தை, பிறர் காண வேண்டுமென்று சட்டைக் கையை மடக்கிவிட்டுக் கொண்டு திரியும் கை எதை நினைவூட்டுகிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

நம் முன்னோரும் கடிகாரமும்

காலத்தை அளப்பது முஸ்லிம்களுக்குப் புதிய கலையன்று. ஐவேளைத் தொழுகை அதைக் கடமையாக்கியது. பெரிய பள்ளிவாசல்களில் ‘முவக்கித்’ என்னும் நேரக் கணிப்பாளர் பணியாற்றினார். பதினான்காம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் உமையாப் பள்ளியின் முவக்கித்தாக இருந்த இப்னு ஷாத்திர் வானவியலில் பெரும் மேதை. அதற்கு முன்பே, 1206இல், அல்ஜஸரி தம் பொறிகளைப் பற்றிய நூலை எழுதி முடித்தார். அதில் வரும் யானைக் கடிகாரம் புகழ் பெற்றது. யானையின் வயிற்றிலுள்ள நீர்த் தொட்டியில் துளையிட்ட கிண்ணம் ஒன்று மெல்ல நிரம்பி மூழ்கும். அரை மணிக்கொரு முறை பொறிகள் இயங்கி, பாகன் பொம்மை அடித்துக் காட்டும். துளையிட்ட கிண்ணம் என்றதும் நம் நாட்டு நாழிகை வட்டில் நினைவுக்கு வருகிறதல்லவா? இருபத்து நான்கு நிமிடத்துக்கு ஒரு நாழிகை என நம் முன்னோர் அளந்த அதே முறைதான்.

டமாஸ்கஸில் பிறந்த தகியுத்தீன் பதினாறாம் நூற்றாண்டில் இயந்திரக் கடிகாரங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். இஸ்தான்புல் வானாய்வகத்துக்கென வினாடி காட்டும் கடிகாரத்தையும் அமைத்தார். 1580இல் அந்த ஆய்வகம் இடிக்கப்பட்டது. அறிவை இடித்த சமுதாயம் பிறகு கடிகாரத்தை விலைக்கு வாங்கும் சமுதாயமாயிற்று. இன்று உலகின் விலையுயர்ந்த கடிகாரங்களை வாங்குவோரில் நம்மவர் பலர் உண்டு. செய்வோரில் எத்தனை பேர்?

ஓசூரில் ஒரு தொழில்

செய்யும் ஆற்றல் நம் மண்ணிலும் உண்டு. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரங்கள் உருவாயின. நம் வீடுகளில் மாப்பிள்ளைக்கும் தேர்வில் தேறிய பிள்ளைக்கும் எச்.எம்.டி.தான் பரிசு. பார்வையற்றோர் தடவி நேரமறியும் பிரெயில் கடிகாரத்தையும் அந்நிறுவனம் செய்தது. 1969 டிசம்பர் 25இல் ஜப்பானின் சீக்கோ வெளியிட்ட குவார்ட்ஸ் கைக்கடிகாரம் தொழிலையே புரட்டிப் போட்டது. வினாடிக்கு ஆயிரக்கணக்கில் அதிரும் படிகத்தின் முன், வினாடிக்கு ஐந்தோ எட்டோ முறை தட்டும் சக்கரம் துல்லியத்தில் தோற்றது. எச்.எம்.டி. கைக்கடிகார நிறுவனத்தை மூடுவதற்கு 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

1984இல் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் டாட்டா குழுமமும் இணைந்து தொடங்கிய டைட்டன், ஓசூரில் ஆலை அமைத்தது. சுற்றுவட்டாரத்துப் பள்ளிப் படிப்பு முடித்த இளைஞர்கள் அங்கே பயிற்சி பெற்று நுண்தொழில் கற்றனர். குவார்ட்ஸில் தொடங்கிய அந்த ஆலை பின்னாளில் ஆட்டோமேட்டிக் இயந்திரங்களையும் செய்தது. 2025இல் ‘ஜல்சா’ என்ற பெயரில் பத்தே பத்துக் கடிகாரங்களை வெளியிட்டார்கள். பேலன்ஸ் சக்கரத்தைக் கூண்டோடு சுழற்றும் ‘டூர்பில்லன்’ அமைப்பு அதில் உண்டு. பிரெகே என்ற மேதை 1801இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற அரிய நுட்பம் அது. ஜல்சாவின் சலவைக்கல் முகப்பில் ஜெய்ப்பூர் ஹவா மஹால் காட்சியைத் தீட்டியவர் பத்மஸ்ரீ விருது பெற்ற சிற்றோவியர் ஷாகிர் அலி. ஒன்றின் விலை நாற்பது லட்சத்துக்கும் மேல். வாங்குவது நமக்கு எட்டாது. ஆனால் அத்தகைய கைத்திறன் நமக்கு எட்டாதது அன்று. பம்பும் மோட்டாரும் செய்யும் கொங்கு நாட்டில், லேத் பிடிக்கும் நம் பிள்ளைகள் நுண்தொழிலைக் கற்றால் என்ன?

தங்கமும் ஆண்களும்

இங்கே ஒரு மார்க்கச் செய்தியைச் சொல்லியாக வேண்டும். மேற்சொன்ன ஜல்சாவின் உறை ரோஸ் கோல்டு எனப்படும் செம்பொன். ஆண்கள் தங்கம் அணிவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். தாம் வெள்ளி மோதிரமே அணிந்திருந்தார்கள். இதைப் பலரும் அறிவர். ஆனால் கடைகளில் ‘ஒயிட் கோல்டு’ என்று வெள்ளையாகக் காட்டுவதைப் பிளாட்டினம் என்று எண்ணி ஏமாறுகிறவர்கள் உண்டு. 18 காரட் வெள்ளைத் தங்கத்திலும் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு தங்கமே, நிறம்தான் வேறு. சில கடிகாரங்களில் உள்ளே சுழலும் அரைவட்டத் தகடு கனத்துக்காகத் தங்கத்தில் செய்யப்படுவதும் உண்டு. இதையும் முலாம் பூசியதையும் குறித்து ஐயமிருப்போர் தத்தம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக. தோல் வாருக்கு உட்புறம் பன்றித் தோல் தைப்பதும் உண்டு என்பதால் அதையும் கேட்டே வாங்க வேண்டும்.

ஒளுச் செய்யும்போது வாரின் அடியிலுள்ள தோலுக்கும் தண்ணீர் சென்றாக வேண்டும். கழற்றி வைப்பதே நலம். ‘30 மீட்டர்’ என்று எழுதியிருந்தால் முப்பது மீட்டர் ஆழத்தில் நீந்தலாம் என்று பொருளன்று. மழைத் துளி, கை கழுவும் நீர் ஆகியவற்றைத் தாங்கும் அளவே அது. கைப்பேசி, ஒலிபெருக்கி ஆகியவற்றின் காந்தம் ஹேர் ஸ்பிரிங்கைப் பாதித்து ஓட்டத்தைக் கெடுக்கும். இரவு ஒன்பது மணியிலிருந்து அதிகாலை மூன்று மணி வரை பலவகைக் கடிகாரங்களில் தேதியைக் கையால் மாற்றக் கூடாது. அப்போது தேதிச் சக்கரம் தானே இயங்கிக் கொண்டிருக்கும்.

இன்னுமோர் உண்மை. ஸ்விட்சர்லாந்தின் அதிகாரபூர்வச் சோதனையில் தேறிய இயந்திரக் கடிகாரம் நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு வினாடி பிந்தவோ ஆறு வினாடி முந்தவோ அனுமதி உண்டு. சில நூறு ரூபாய்க் குவார்ட்ஸ் கடிகாரம் பொதுவாக அதைவிடச் சரியாக ஓடும். ஆகவே நான்கரை லட்சம் கொடுப்பது நேரம் அறிவதற்காக அன்று. தன் சொந்த உழைப்பில், கடனின்றி, ஜகாத்தையும் நிறைவேற்றி, ஒரு கைத்திறனை நேசித்து வாங்குவோர் வாங்கட்டும். அது இஸ்ராஃப் ஆகுமா என்பதை அவர் தம் உள்ளத்தைக் கேட்டு முடிவு செய்யட்டும். மாமனாரிடம் கேட்டு வாங்குவது வேறு.

கேட்டுப் பெறும் சீர்

கடையை விட்டு வெளியே வந்தோம். மஃரிபுக்கு இன்னும் சற்று நேரம் இருந்தது. சாலையோரத் தேநீர்க் கடையில் நின்றபடி நண்பர் கணக்குப் போட்டார். பட்டறையிலுள்ள இரண்டு லேத்துகளில் ஒன்றை விற்றால் பாதி சேரும். மீதிக்குத் தெரிந்தவரிடம் கடன் கேட்கலாம். “அந்த வேலைப்பாட்டைப் பார்த்த பிறகு விலை அதிகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செய்தவனுக்கு அது தகும். ஆனால் அதை வாங்க என் லேத்தை விற்றால், நான் எதைச் செய்வேன்?” என்றார். என்னிடம் உடனே விடை இல்லை.

இரண்டு நாள் கழித்து அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். எச்.எம்.டி. பிறந்த அதே 1961இல்தான் நம் நாட்டில் வரதட்சணைத் தடைச் சட்டமும் வந்தது. நமது மஹரை அச்சட்டம் வரதட்சணையாகக் கருதவில்லை. ஏனெனில் மஹர் ஆண் கொடுப்பது. பெண் வீட்டார் கொடுப்பதன்று. இவ்வளவு தெளிவான மார்க்கத்தை வைத்துக் கொண்டு நாம் பெயர்களை மாற்றி விளையாடுகிறோம். கைக்கூலி என்றால் வெட்கம். சீர் என்றால் வழக்கம். ‘பையனின் ஆசை’ என்றால் பாசம்! தாளில் எழுதிக் கொடுத்துக் கேட்பது எந்தப் பெயரில் வந்தாலும் கேட்பதே. கொடுக்கும் தகப்பனின் முகத்தைப் பார்த்தால் அது அன்பளிப்பா, அபராதமா என்பது விளங்கி விடும்.

இக்கட்டுரையை எழுதும் வேளையில் அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. ஜமாஅத் பெரியவர் ஒருவர் பையன் வீட்டாரிடம் பேச ஒப்புக் கொண்டிருக்கிறார். மாப்பிள்ளைக்கு இந்தத் தாளைப் பற்றித் தெரியுமா என்பதே நண்பருக்கு ஐயமாக இருக்கிறது. தெரியாதென்றால், அவர் தெரிந்து கொள்ள வேண்டும். தெரியுமென்றால், அவர் வாய் திறந்து வேண்டாமென்று சொல்ல வேண்டும். இதை வாசிக்கும் இளைஞர்களே! உங்கள் பெயரில் உங்கள் வீட்டார் இப்படி ஏதேனும் கேட்டிருக்கிறார்களா என்று இன்றிரவே விசாரியுங்கள். உங்கள் மனைவியாக வரப் போகிறவள் அந்தக் கடிகாரத்தைக் காணும்போதெல்லாம் நேரத்தைப் பார்க்க மாட்டாள். தன் தந்தை விற்ற பொருளைத்தான் பார்ப்பாள்.

நண்பரின் மணிக்கட்டில் பழைய எச்.எம்.டி. ஒன்று இருக்கிறது. அவருடைய அத்தா வாங்கிக் கொடுத்தது. நாளைக்கு ஒரு நிமிடம் பிந்தி ஓடும். அதைப் பார்த்தே அவர் நாற்பது ஆண்டுகளாக ஜமாஅத்துக்குத் தவறாமல் வந்து சேருகிறார். காலத்தின்மீது சத்தியமிட்டு இறைவன் அருளிய ‘வல் அஸ்ர்’ அத்தியாயம் நட்டத்திலிருந்து தப்பியோரைப் பற்றிப் பேசுகிறது. ஈமானும் நற்செயலும், உண்மையையும் பொறுமையையும் கொண்டு ஒருவருக்கொருவர் உபதேசிப்பதுமே அவர்களுடைய அடையாளம். நம் பெண் மக்களின் தந்தையரை நட்டத்தில் தள்ளாமல், காலத்தின் மதிப்பறிந்து வாழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.